16½ அங்குலமும் என் இடது கையும்

வளர்ந்தவர் ஒருவர் வயலின் வாங்கப் போனால் அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். முழு அளவு என்று ஒன்று இருக்கிறது. கழுத்தைச் சேர்க்காமல் உடற்பெட்டியின் நீளம் ஏறக்குறைய 14 அங்குலம், அதாவது முப்பத்தைந்தரை சென்டிமீட்டர். ஆறடி உயரமுள்ளவரும் அதைத்தான் வாசிக்கிறார், ஐந்தடி ஒரு அங்குலம் இருக்கிற நானும் அதைத்தான் வாசித்தேன். வயலினைப் போலவே இருந்து, அதைவிடப் பெரிதாக, தாழ்ந்த சுருதியில் ஒலிக்கும் வயோலாவுக்கு அப்படி ஒரு முழு அளவு கிடையாது. 15 அங்குலத்தில் கிடைக்கும், 16-ல் கிடைக்கும், 17-ஐத் தாண்டியும் உண்டு. எல்லாமே பெரியவர்கள் வாசிப்பதற்காகச் செய்தவைதான். இது எனக்கு 43-ஆவது வயதில், லண்டனில் ஒரு வாத்தியக் கடையில் நின்றபோதுதான் தெரிந்தது. அது என் கைக்கு என்ன செய்யும் என்று புரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

நான் ஸ்ரீரங்கத்தில் எட்டு வருடம் கர்நாடக வயலின் கற்றுக்கொண்டவள். தரையில் சம்மணமிட்டு, வலது பாதத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிக்கிற முறை. கல்யாணம், வேலை, லண்டன் என்று ஆனபிறகு பல வருடம் பெட்டியைத் திறக்கவில்லை. அப்புறம் வீட்டுப் பக்கத்தில் சர்ச் ஹாலில் கூடும் ஓர் அமெச்சூர் ஆர்கெஸ்ட்ராவில் சேர்ந்தேன். அங்கே வயலின்கள் இரண்டு வரிசை நிறைய இருந்தன, வயோலா ஒன்றே ஒன்று. யாராவது மாறிக்கொள்கிறீர்களா என்று நடத்துனர் கேட்டார். அந்த ஒற்றை வயோலாவை இரவல் வாங்கி, அதன் மிகத் தாழ்ந்த சுருதியுள்ள கடைசித் தந்தியில் ஒருமுறை வில்லை இழுத்துப் பார்த்தேன். அந்தச் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் தாடை எலும்பில் இறங்கியது. எங்கள் தெருவில் பெரியவர் ஒருவர் விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து மந்திர ஸ்தாயியில் பாடுவார். அந்தக் குரல் ஞாபகம் வந்துவிட்டது. மறுவாரமே கடைக்குப் போனேன்.

கடையில் என் இடது கையை நேராக நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கையின் நடுப்பகுதி வரை டேப் வைத்து அளந்தார்கள். குழந்தைகளுக்கு வயலின் தேர்ந்தெடுக்கும்போது செய்கிற அதே வழி. எனக்கு உயரத்துக்கு மீறிய நீளக் கை. 16½ தாராளமாகச் சரிப்படும் என்றார்கள். மூன்று வயோலாக்களை எடுத்துக் கொடுத்தார்கள், மூன்றிலும் பெரியதற்குத்தான் அந்தத் திண்ணைக் குரல் இருந்தது. பத்து நிமிடம் வாசித்திருப்பேன். பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வயோலா ஏன் இப்படி அளவில்லாமல் அலைகிறது என்பதை அப்போதே யாராவது விளக்கியிருந்தால் கொஞ்சம் நின்று யோசித்திருப்பேன். விஷயம் எளிமையானதுதான். வயலினின் கீழ்த் தந்தி ஒரு நொடிக்கு 196 தடவை அதிர்கிறது, வயோலாவின் கீழ்த் தந்தி 131 தடவை. ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள தூரம் இது, மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கு. வயலின் தன் தந்திகளுக்கு எவ்வளவு பொருத்தமான பெட்டியோ, அதே பொருத்தம் வயோலாவுக்கும் வேண்டுமென்றால் பெட்டி ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும். 14-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 21 அங்குலம். 53 சென்டிமீட்டர் நீளப் பெட்டியை மோவாய்க்குக் கீழே பிடித்து வாசிக்க யாராலும் முடியாது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் உள்ளே இருக்கும் காற்று ஒரு குறிப்பிட்ட சுருதியில் ஒலிக்கும் இல்லையா, அது போல ஒவ்வொரு வாத்தியப் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் காற்றுக்கு ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதிக்குப் பக்கத்தில் வருகிற சுரங்களுக்கெல்லாம் பெட்டி கை கொடுக்கும். வயோலாவில் பெட்டி இருக்கவேண்டியதைவிடச் சின்னது, அதனால் அந்தச் சுருதி கடைசித் தந்திக்கு வெகு மேலே போய் நிற்கிறது. கீழே இருக்கும் சுரங்கள் பெட்டியின் முழுத் துணை இல்லாமல் தாங்களாகவே பேச வேண்டியிருக்கிறது. நாம் விரும்புகிற அந்தக் கொஞ்சம் கரகரத்த, உள்ளடங்கிய குரல் அங்கிருந்துதான் வருகிறது.

ஆக, எந்த வயோலாவாக இருந்தாலும் சத்தத்துக்கும் கைக்கும் நடுவே ஏதோ ஓர் இடத்தில் செய்துகொண்ட சமரசம்தான். அந்த இடம் எது என்பதில் 400 வருடங்களுக்கு மேலாக ஆளுக்கொரு முடிவு. புகழ்பெற்ற இத்தாலிய வாத்தியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி 1690-ல் ஃபுளோரன்ஸை ஆண்ட மெடிச்சி குடும்பத்து இளவரசருக்காகச் செய்த டெனர் வயோலாவின் பெட்டி ஏறக்குறைய 48 சென்டிமீட்டர். அந்தக் காலத்து இசையில் நடுக்குரல்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. தாழ்ந்த நடுக்குரலுக்குப் பெரிய வயோலா, உயர்ந்ததற்குச் சிறியது என்று இரண்டு வகை செய்தார்கள். பின்னால் அந்தத் தாழ்ந்த பகுதியை யாரும் எழுதாமல் போக, பெரிய வயோலாக்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அறுத்துச் சின்னதாக்கினார்கள். 16, 17-ஆம் நூற்றாண்டின் அருமையான இத்தாலிய வயோலாக்கள் பலவும் இப்படி ஓரங்களை இழந்தவை. அந்த மெடிச்சி வயோலா அறுபடாமல் தப்பி இன்றும் ஃபுளோரன்ஸில் இருக்கிறது. லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கின் சேகரிப்பில் ஸ்ட்ராடிவாரி 1696-ல் செய்த ஆர்கிண்டோ என்ற வயோலா இருக்கிறது. அது சிறிய வகை, 41 சென்டிமீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும்.

20-ஆம் நூற்றாண்டில் வயோலாவைத் தனிக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆங்கிலேயரான லயனல் டெர்டிஸ். 1876-ல் பிறந்தவர். அவர் வாசித்த, மொண்டஞானா என்ற இத்தாலியக் கைவினைஞர் செய்த வயோலா 17 அங்குலத்துக்கும் மேல். அதன் குரலை விடவும் மனமில்லை, அந்த நீளம் எல்லோருக்கும் ஒத்துவராது என்பதும் தெரியும். 1930களின் இறுதியில் ஆர்தர் ரிச்சர்ட்சன் என்ற வாத்தியக் கைவினைஞரோடு சேர்ந்து 16¾ அங்குலத்தில் ஒரு மாதிரியை வடிவமைத்தார். மோவாய்க்குக் கீழே வைத்து வாசிக்க முடிந்த உச்ச அளவு அதுதான் என்பது அவருடைய கணிப்பு. உச்ச அளவு என்பதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் வாங்க வேண்டிய அளவு என்று நான் அதைப் புரிந்துகொண்டது என் தவறு.

என் 16½-ஐ வாசிக்க ஆரம்பித்து மூன்றாவது மாதத்தில் இடது சுண்டுவிரலின் அடியில் வலி தொடங்கியது. பிறகு முன்கை. பிறகு கழுத்தின் இடது பக்கம், காரில் திரும்பிப் பார்க்க முடியாத அளவுக்கு. பழக்கமில்லாத வாத்தியம், போகப் போகச் சரியாகிவிடும் என்று நானே சொல்லிக்கொண்டேன். வலியை உழைப்பின் அடையாளமாக நினைக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இருக்கிறது. அது மிகக் கெட்ட பழக்கம். இதைப் படிக்கிற யாருக்காவது வாசிக்கும்போது வலித்தால், தயவுசெய்து அன்றைக்கே நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள். நான் ஏழு மாதம் கழித்துத்தான் ஓர் ஆசிரியையிடம் போனேன்.

அவர் முதலில் வயோலாவைத் தொடவில்லை. என் கழுத்தைப் பார்த்தார். என் கழுத்து கொஞ்சம் நீளம், கடையில் மாட்டிக்கொடுத்த சின் ரெஸ்ட், அதாவது மோவாயைப் பதிக்கும் கட்டை, தட்டையானது. அந்த இடைவெளியை மூடத்தான் நான் தோளைத் தூக்கிக்கொண்டே வாசித்திருக்கிறேன். உயரமான சின் ரெஸ்ட் ஒன்றை மாட்டினார், வாத்தியத்தின் அடியில் தோளில் உட்காரும் ஷோல்டர் ரெஸ்ட்டை இறக்கிச் சாய்வை மாற்றினார். இரண்டு வாரத்தில் கழுத்து வலி பாதியானது. கை வலி குறையவே இல்லை. அப்போதுதான் ஒரு ஸ்கேலை எடுத்து, பெட்டியை விட்டுவிட்டுத் தந்தியை அளந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 16½ அங்குலம் என்று சொல்வது பின்பலகையின் நீளம் மட்டும்தான், கழுத்தோடு ஒட்டும் அந்தச் சின்னப் பிறைத் துண்டைக்கூடச் சேர்க்காமல். அது என் மோவாய்க்கும் தோளுக்கும் சொந்தமான எண். என் விரல்களுக்கு அந்த எண்ணோடு நேரடித் தொடர்பே இல்லை. விரல்கள் நடமாடுவது தந்தியில். மேலே தந்திகள் தொடங்கும் மேட்டிலிருந்து, பெட்டியின் மேல் அவற்றைத் தாங்கி நிற்கும் குதிரை வரை உள்ள நீளம், அதுதான் கைக்கான அளவு. வயலினில் இது 33 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் நிற்கும். வயோலாவில் 36-க்குக் கீழும் போகும், 38-க்கு மேலும் போகும். செய்தவர் கழுத்தை எவ்வளவு நீளமாக வைத்தார், குதிரை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து ஒரே 16 அங்குல வயோலாக்கள் இரண்டிலேயே ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் வரும்.

என் 16½-ல் தந்தி முப்பத்தெட்டரை சென்டிமீட்டர். முதல் விரலை வைத்த இடத்திலிருந்து சுண்டுவிரல் போய்ச் சேர வேண்டிய இடம் வரை வயலினில் சுமார் 7.4 சென்டிமீட்டர். 36 சென்டிமீட்டர் தந்தியில் 8, என்னுடையதில் 8.6. எண்ணாகப் பார்த்தால் அற்பம். ஆனால் அந்த அரை சென்டிமீட்டரை ஒரு சுண்டுவிரல் மாலை முழுவதும், ஒவ்வொரு ராகத்திலும் ஒவ்வொரு வரியிலும், எட்டி எட்டிப் பிடிக்க வேண்டும். அதுவும் கடைசித் தந்தியில், முழங்கையை உள்ளே சுழற்றி, மணிக்கட்டை மடக்கி. எனக்குக் கை நீளம், ஆனால் விரல்கள் குட்டை. சுண்டுவிரல் மோதிரவிரலின் மேல் கணுவைக்கூடத் தொடாது. கடையில் டேப் அளந்தது என் கையை, விரலை யாரும் பார்க்கவில்லை. பூக்காரம்மா தன் கையால் முழம் போடுவதை எத்தனை நாள் பார்த்திருக்கிறேன்! ஒருவர் முழம் இன்னொருவர் முழம் ஆகாது. அதேபோல, ஒரே ஆளிடமும் முழத்தைப் பார்த்துச் சாணைச் சொல்லிவிட முடியாது.

ஆசிரியை தன்னிடமிருந்த 15½ அங்குல வயோலாவை ஒரு வாரம் கொடுத்தார். நான் தயங்கினேன். சின்ன வயோலா என்றால் சின்னக் குரல் என்ற பயம். ஆர்கெஸ்ட்ராக்காரர்களிடையே அந்தப் பேச்சு உண்டு, பெரிய வயோலாதான் உண்மையான வயோலா என்பது போல. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. நீளத்தைக் குறைத்தால் காற்றின் கொள்ளளவு குறையும், தந்தி குட்டையானால் அதே சுருதியில் அதன் இழுவிசை தளரும், கடைசித் தந்தி வில்லுக்குக் கீழே தொளதொளவென்று ஆடும். ஆனால் நீளத்தில் விட்டதை வேறு இடத்தில் பிடிக்கலாம் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியின் கீழ்ப்பாகத்தை அகலமாக வைக்கலாம், பக்கப் பலகைகளை உயர்த்தலாம். தந்தி தளர்வதற்குக் கனமான தந்தி மருந்து, டங்ஸ்டன் கம்பி சுற்றியவை இதற்காகவே விற்கின்றன. மேல்பாகம் மட்டும் ஒடுக்கமாக இருந்துவிட்டால் மேல் ஸ்தாயிக்குக் கை ஏறுவதும் சுலபம். நல்ல கைவினைஞர் செய்த 15½, சுமாராகச் செய்த 16½-ஐ விட ஆழமாகப் பேசுவதை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அடுத்த நான்கு மாதம் வாங்குகிற அவசரமில்லாமல் வயோலாக்களை வாசித்துப் பார்த்தேன். லண்டனில் பல கடைகள் ஒரு வாரமோ இரண்டு வாரமோ வீட்டுக்குக் கொடுத்தனுப்புகின்றன. முதல் தடவை அப்படி ஒரு வழி இருப்பது தெரியாமல் போனது பெரிய இழப்பு. ஒவ்வொன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் ஸ்கேல்தான். பிறகு கடைசித் தந்தியில் சுண்டுவிரலை வைத்து, முதல் விரலை எடுக்காமல், நீளமாக வில் இழுப்பேன். கட்டைவிரல் கழுத்தைக் கிள்ளத் தொடங்கினால் அந்த வயோலா எனக்கு இல்லை. வாத்தியத்தை மோவாயில் வைத்தபடியே தந்தியை முறுக்கும் பிரடை வரை கை போகிறதா, சுருதி சேர்க்கும்போது முழங்கை நிமிர்ந்துவிடுகிறதா என்று பார்ப்பேன். முழங்கையில் மடிப்பே மிஞ்சவில்லை என்றால் அது என் உடம்பைவிட நீளமான வாத்தியம். அதன்பிறகு இருபது நிமிடம் நிறுத்தாமல் வாசிப்பேன், ஏனென்றால் ஐந்து நிமிடத்தில் எல்லா வயோலாவும் சௌகரியமாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்துக்கு மேல்தான் கனம் தெரியும். வயலினைவிட நூற்றைம்பது, இருநூறு கிராம் அதிகம், அதிலும் கனம் தலைப்பக்கம் சாய்ந்திருந்தால் இருநூறு நானூறாகத் தோன்றும்.

சத்தத்தை நானே தீர்மானிக்கக் கூடாது என்றும் ஆசிரியை சொன்னார். காதுக்குக் கீழே இருக்கிற வாத்தியம் காதுக்குப் பொய் சொல்லும். சர்ச் ஹாலின் கடைசி வரிசையில் என் கணவரை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு நான்கு வயோலாக்களை வாசித்தேன். என் 16½-ம் அதில் ஒன்று. நான் மூன்றாவதாக வாசித்ததை அவர் சொன்னார். அது 15½, தந்தி 36 சென்டிமீட்டர், பழையது, அடிப்பாகம் அகலமானது. இரண்டாவது சுற்றிலும் வரிசையை மாற்றி வாசித்தேன், மறுபடி அதையே சொன்னார். அதைத்தான் வாங்கினேன். ஆறு வாரத்தில் முன்கை வலி போனது. சுண்டுவிரலுக்கு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது.

16½-ஐ விற்க மனம் வரவில்லை. அந்த வருடம் ஸ்ரீரங்கத்துக்குப் போகும்போது, எனக்கு வயலின் சொல்லிக்கொடுத்த சாரிடம் காட்ட வேண்டும் என்ற ஆசையில் அதைத்தான் எடுத்துப் போனேன். சாருக்கு இப்போது 78 வயது. உத்தர வீதிக்குப் பக்கத்தில் அதே வீடு, அதே கூடம். பெட்டியைத் திறந்ததும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார்.

"கனமா இருக்கேம்மா. இதையா நின்னுண்டு வாசிக்கறே?"

"ஆமாம் சார். அதான் கை போயிடுத்து."

"கீழ உட்காரு."

உட்கார்ந்தேன். பழைய பழக்கம், கால் தானாக நீண்டது. வயோலாவின் தலை கணுக்காலில் போய் அமர்ந்தது, அடிப்பாகம் தோளில் சாய்ந்தது. அந்தக் கனம் காணாமல் போய்விட்டது. இடது கை எதையும் தாங்கவில்லை. எட்டு மாதம் என்னை வதைத்த அதே வாத்தியம், எந்த அளவும் மாறாமல், என் மடியில் லேசாக இருந்தது. சார் தந்திகளைத் தட்டிப் பார்த்தார். கீழே இருக்கும் இரண்டும் ஏற்கெனவே ஷட்ஜம் பஞ்சமமாகத்தான் நிற்கின்றன. மேல் இரண்டையும் ஒரு முழு சுரம் இறக்கினால் மறுபடி ஷட்ஜம் பஞ்சமம், சுத்தமாக 1 கட்டை. சார் பாடுகிற சுருதி. அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன்.

விரல் எட்டாத பிரச்சினையும் அங்கே எழவில்லை. நம் வாசிப்பில் நான்கு விரலையும் நான்கு இடத்தில் கூடாரம் அடித்து உட்காரவைக்கத் தேவையில்லை. ஒரு விரலோ இரண்டு விரலோ தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டே போகும், கை முழுவதும் கூடவே போகும். நீளத் தந்தியில் கமகம் இன்னும் விஸ்தாரமாக வந்தது, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போக வழி அதிகம் இருப்பதால். பாலமுரளிகிருஷ்ணா வயோலாவை எடுத்து வாசித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், ஏன் என்று அன்றைக்குத்தான் என் கைக்குப் புரிந்தது. செலோ கலைஞர் யோ யோ மா 1990களில் இசையமைப்பாளர் பார்டோக்கின் வயோலா கான்செர்டோவைப் பதிவுசெய்தபோது, கார்லீன் ஹட்சின்ஸ் என்ற வாத்தியக் கைவினைஞர் வடிவமைத்த பெரிய வயோலா ஒன்றை செலோ மாதிரி நிமிர்த்தி வைத்துத்தான் வாசித்தார். மோவாயிலிருந்து இறக்கிவிட்டால் பெட்டி எவ்வளவு வேண்டுமானாலும் வளரலாம்.

ஆகவே யாராவது என்னிடம் வந்து, எனக்கு எத்தனை அங்குல வயோலா சரிவரும் என்று கேட்டால், முதலில் எப்படி வாசிக்கப் போகிறீர்கள் என்று கேட்கிறேன். நின்றா, நாற்காலியிலா, தரையிலா? நின்றோ நாற்காலியிலோ என்றால் இடது கையை விரித்துக் காட்டச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் சின்னதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 15½-ல் ஆரம்பித்துக் கை கேட்டால் 16-க்குப் போகலாம். பெரியதில் தொடங்கி வலியோடு இறங்கி வருவதற்கு வருடங்கள் ஆகும்.

16½ லண்டனுக்குத் திரும்பவில்லை. சாரிடம் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன், குரல் உடைந்து கனத்துவிட்டதால் தன் சுருதிக்கே வாசித்துப் பாட ஆசைப்பட்டான். அவனிடம் இருக்கிறது. போன வாரம் சார் போனில் ஓர் ஒலிப்பதிவு அனுப்பியிருந்தார். மூன்று நிமிடம் கல்யாணி, கடைசித் தந்தியில் மட்டும். நடுவில் மாமி குக்கரை அணைக்கச் சொல்லி யாரையோ கூப்பிடுவதும் கேட்கிறது. என் 15½-ஐ எடுத்து மேல் இரண்டு தந்திகளை இறக்கி, தரையில் உட்கார்ந்து கூடவே வாசித்துப் பார்த்தேன்.